பாய் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம்

பிஷ்கெக் நகரத்தில் பல்செட் கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் சகினைப் போல வாய் ஓயாத மனிதர் இன்னொருவர் கிடையாது. அவரிடம் போய் மாட்டிக்கொள்கிறவர்களின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாய் நிறைய அச்சு மாவை அப்பி, "இறுகற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பார். எதிராளி 'ம்' கொட்டலாம், கண்ணை உருட்டலாம், மறுத்துப் பேச மட்டும் முடியாது. வருஷக்கணக்காக மறுப்பே கேட்காமல் பேசிப் பழகியவருக்கு, உலகமே தன் பேச்சை ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஒரு நினைப்பு வராமல் என்ன செய்யும்? இதை நாமாகச் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொள்வதுதான். படகுப் படத்தின் கதையை எடுக்கும்போதெல்லாம், "கழுதைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னா, கழுதைக்குக் காது பெரிசு, கேட்கும்" என்றுதான் தொடங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சகின் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். தரையில் விரித்த சாக்குகளின்மேல் கிடக்கும் துருப்பிடித்த உலகத்தில் தமக்கென்று ஒரு புதையல் காத்திருப்பதாக அவருக்கு உறுதியான நம்பிக்கை. யாரோ ஒரு தளபதியுடையது என்று, தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவார் ஒன்று கொண்டுவந்தார். அது நாலு இடத்தில் ஒழுகியது. அரண்மனைக் கடிகாரம் என்று ஒன்று வந்தது. அது ஓடவே இல்லை. அவர் மனைவி சைரா, ஒவ்வொரு ஞாயிறும் வாசல் கதவைத் திறக்கும்போதே கையில் விளக்குமாற்றுடன்தான் நிற்பாள். புதையலைத் துடைப்பதற்கா, புதையல் கொண்டுவந்தவரை விரட்டுவதற்கா என்று சகின் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

அப்படி வந்ததுதான் அந்தப் படம். நீல ஏரி, பின்னால் பனி மலைகள், நடுவில் வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு. பாய் இடது பக்கம் புடைத்திருந்தது. உச்சியில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. ஓவியர் பேர் எங்கேயும் இல்லை. பின்பக்கச் சட்டத்தில் ஒரு தகரத் துண்டு அடித்திருந்தது. ஏரிக்கரையில் இருந்த பழைய ஓய்வு விடுதி ஒன்றின் பேர் அதில் பாதி அழிந்து தெரிந்தது. அவ்வளவுதான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சைரா. சகினுக்கே தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளாக அவர் கொண்டுவந்த எதையும் அவள் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. கூடத்து நடுச்சுவரில் மாட்டினார்கள்.

வினை அங்கே ஆரம்பித்தது. அவர்கள் மகன் ஆதிலெத்துக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் தாலாய்பெக், கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்தும் பேராசிரியர். அறுபதை நெருங்கியும் ஒரு பல்கூட விழாத மனிதர். சகினுக்கு அவர்மேல் பாதிக் கோபம் அதனால்தான். பெண் வீட்டார் முதல்முறையாக வீடு பார்க்க வந்த அன்று சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றார்.

"அட, நல்லாயிருக்கே இது!" என்றார்.

விருந்தாளி ஒரு பொருளைப் பார்த்து நல்லாயிருக்கு என்றால் அது அவருடையது. நம் ஜனங்களிடம் இதற்குப் பேச்சே கிடையாது. சைரா வெள்ளிக் கிண்ணங்களை முதல் நாளே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். படத்தைப் பூட்ட அவளுக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்குத்தான் சம்பந்தி, எடுத்துக்கோங்க!" என்றார் சகின்.

"சந்தோஷம். யார் வரைஞ்சது?"

தெரியாது, சந்தையில் கிடைத்தது என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தி ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு கேட்டார். அந்தப் புருவம் சகினுக்குப் பொறுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

"பெரிய கை, சம்பந்தி. பேரை இப்போதைக்கு வெளியில சொல்ற மாதிரி இல்ல."

"அப்படியா!" என்று சம்பந்தி இன்னொரு புருவத்தையும் உயர்த்தினார். "அப்போ கல்யாணத்தன்னிக்குப் பேரோட குடுங்க. பேர் தெரியாத படத்தை நான் வீட்ல மாட்டறதில்ல. எங்க ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க, அவங்க முன்னால வாங்கிக்கறேன்."

அவர்கள் போனதும் ஆதிலெத் அப்பாவைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அப்பா, உங்களுக்குப் பேர் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிட்டா போச்சு!"

"கிழிஞ்சுது போங்க. அவங்க வீட்ல என்னைப் 'பல்லுக்காரர் பையன்'னுதான் பேசிக்கறாங்க. அது எனக்குக் காதுல விழுந்துச்சு. பரவாயில்லப்பா, அது பொய் இல்லையே. ஆனா 'பொய்க்காரர் பையன்'னு ஆயிடக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்."

சகினுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் கெஞ்சினான். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஓவியர் பேரைக் கண்டுபிடிக்காவிட்டால் மகன் அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது என்று மட்டும் புரிந்தது. அடுத்த வாரமே படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிட்டார்.

தகரத் துண்டில் இருந்த விடுதியைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. அது கைமாறி, வண்ணம் மாறி, நீச்சல் குளமெல்லாம் வைத்துக்கொண்டு நின்றது. படத்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. சமையற்காரி மட்டும், "பழைய ஆளுங்கன்னா லிடியாம்மாதான். படுக்கை விரிப்பெல்லாம் அவங்க பொறுப்புலதான் இருந்துச்சு. பாலிக்சி ஊர்ல, துறைமுகத்துக்குப் பின்னால வீடு" என்றாள்.

லிடியா வீட்டு வாசலில் ஒரு கிழவர் கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தை மீனுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தால் கண்ணில் புரை என்று தெரிந்தது. சகின் வழக்கம்போல முதலில் வாயைத்தான் கவனித்தார். கீழ்வரிசை செட் அளவு சரியில்லை, எவனோ அவசரக்காரன் கட்டியது.

"போர்வைக்குள்ள என்ன தம்பி, கண்ணாடியா?"

"ஆமா பெரியவரே, கண்ணாடிதான்" என்று சொல்லிவிட்டு சகின் உள்ளே போனார். இவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று அப்போது நினைத்தாராம். அதை இப்போது சொல்லும்போது தம் கன்னத்தில் தாமே ஒரு தட்டு தட்டிக்கொள்வார்.

லிடியா எழுபது தாண்டிய ரஷ்யக்காரி. நீலக் கண், சிவந்த கன்னம், தலையில் துணி. பால் தேநீர் ஊற்றி, ரொட்டியும் ஆப்ரிகாட் பழப் பாகும் வைத்தாள். சகின் போர்வையை அவிழ்த்தார். அவள் படத்தைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இது இன்னும் இருக்கா! விடுதியைப் பூட்டினப்போ எரிச்சுட்டாங்கன்னுல்ல நெனச்சோம்!"

"யார் வரைஞ்சதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன?"

சகின் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பேர் சொல்லுங்க!"

லிடியா ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலை இறக்கினாள். "அந்தப் பேரை நான் சொல்லக் கூடாது, தம்பி. அம்பது வருஷமா இந்த வாயால சொன்னதில்ல. நீங்க வேணும்னா…"

"போதும்!" என்று சகின் கையை உயர்த்தினார். "ஒரு வார்த்தை சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு!"

"புரிஞ்சுதா?"

"நானும் இந்த நாட்டுலதானே பொறந்தேன், எனக்குப் புரியாதா? யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. எம் பையன் கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரணும். வாசல்ல இருக்காரே பெரியவர், அவரையும் கூட்டிட்டு வாங்க. அங்க ஊரறிய அந்தக் கலைஞருக்கு மரியாதை செய்யப் போறோம்!"

லிடியாவின் கண்ணில் நீர் தளும்பியது. "நல்லாயிருப்பீங்க" என்றாள். அவளுக்கு ஏன் அழுகை வந்தது என்று சகின் கேட்கவில்லை. முந்திரிக்கொட்டை அல்லவா? அதையும் தாமே புரிந்துகொண்டுவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம், பூம் கணவாயின் ஒவ்வொரு திருப்பத்திலும், கதை ஒரு சுற்றுப் பருத்துக்கொண்டே வந்தது. ஐம்பது வருஷமாகச் சொல்லக் கூடாத பேர்! ஜன்னலைப் பார்த்துக் குரலை இறக்கிய கிழவி! வேறென்ன இருக்க முடியும்? பழைய ஆட்சிக்குப் பிடிக்காமல் போன ஓவியன். இரவோடு இரவாகக் கொண்டுபோயிருப்பார்கள். பேரைச் சொன்னவர்களையும் கொண்டுபோயிருப்பார்கள். வழியில் கருவாட்டு மீன் வாங்க இறங்கியபோது, மீன் விற்ற பெண்ணிடமே பாதிக் கதையைச் சொல்லிப் பார்த்தார். அவள் 'த்சொ த்சொ' என்றாள். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

சம்பந்தியிடம் தொலைபேசியில் சொன்னார். சம்பந்தி படித்தவர், இரண்டு கேள்வி கேட்டு மடக்கியிருக்கலாம். மனிதர் அப்படியே விழுங்கினார். விழுங்கியதோடு நிற்காமல் தம் பங்குக்கும் சேர்த்தார்.

"சம்பந்தி, அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு. அந்தக் கொடியைப் பாத்தீங்களா?"

சகின் சுவரைப் பார்த்தார். பாய் இடது பக்கம் புடைத்திருந்தது. கொடி வலது பக்கம் பறந்தது.

"காத்துக்கு எதிரா பறக்குது! புரியுதா? அடங்க மாட்டேன்னு சொல்றான் அந்த மனுஷன். அந்தக் காலத்துல இதை வரைய எத்தனை தைரியம் வேணும்! கல்யாணத்துல நானே பேசறேன்."

சைரா மட்டும் கருவாட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா சொல்ல வந்ததை முழுசா சொல்ல விட்டீங்களா?"

"சொல்ல வேண்டியதில்ல, புரிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு எப்பவுமே புரிஞ்சுபோயிடும்" என்றாள் சைரா.

கல்யாண மண்டபம் ஜேஜே என்றிருந்தது. பொரித்த மாவுருண்டைகள் மேசைகளில் குவிந்திருந்தன. ஆட்டிறைச்சி ஆவி பறக்க வந்தது. மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில், முக்காலியின்மேல் படம். லிடியாவும் அந்தக் கிழவரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். கிழவர் நன்றாகத் துவைத்த சட்டையும் உயரத் தொப்பியுமாக வந்திருந்தார். சகின் அவர்களைக் கடைசி மேசையில் உட்காரவைத்தார். அதையும் இப்போது சொல்லும்போது கன்னத்தில் ஒரு தட்டு உண்டு.

சம்பந்தி ஒலிவாங்கியைப் பிடித்தார். பேராசிரியர் பேச்சென்றால் கேட்கவா வேண்டும்?

"இந்தப் படகைப் பாருங்க. காத்து அடிக்கறது ஒரு பக்கம், கொடி பறக்கறது ஒரு பக்கம். இதை வரைஞ்ச கையை அந்தக் காலம் மன்னிக்கல. அந்த மனுஷனை எங்க கொண்டுபோனாங்க, எந்த மண்ணுல கிடக்கறாரு, யாருக்கும் தெரியாது. கூட வேலை பார்த்தவங்க இன்னிக்கும் அவர் பேரைச் சொல்லப் பயப்படறாங்க!"

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கடைசி மேசையில் கிழவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"பாவம்" என்றார் பக்கத்தில் வந்து நின்ற சகினிடம். "யார் பெத்த பிள்ளையோ. என்ன படம் தம்பி அது? இங்கேர்ந்து ஒண்ணும் தெரியல எனக்கு."

சகின் அங்கே வந்தது வேறு வேலையாக. பேச்சு முடிந்ததும் மண்டபத்திலேயே வயதில் மூத்தவர் எழுந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும். பார்த்த அளவில் இந்தக் கிழவர்தான் மூத்தவர். நிகழ்ச்சி நடத்துகிறவன் பேர் கேட்டனுப்பியிருந்தான். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் சகின் லிடியாவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, பெரியவர் பேர் என்ன?"

லிடியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னையா கேக்கறீங்க? அன்னிக்கே சொன்னேனே, என் வாயால வராதுன்னு. என் வீட்டுக்காரருக்கு அண்ணனாச்சே அவரு!" பிறகு குழப்பத்தோடு மேடையைப் பார்த்தாள். "ஆமா, உங்க சம்பந்தி என்ன ஏதேதோ பேசறாரு? யாரைக் கொண்டுபோனாங்களாம்? அவருக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதானே கூட்டிட்டு வரச் சொன்னீங்க? எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னீங்களே!"

சகின் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பேரையும், புருஷனின் அண்ணன் பேரையும் வாயால் சொல்ல மாட்டாள். சகினின் அம்மா சாகிற வரைக்கும் சொல்லவில்லை. பிஷ்கெக்கில் இன்றைக்கு அந்த வழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? சைராவே ரெண்டு வருஷத்தில் விட்டுவிட்டாள். அதை ஒரு நீலக் கண் ரஷ்யக்காரி, ஐம்பது வருஷமாக, புருஷன் போன பிறகும் காப்பாற்றிக்கொண்டிருப்பாள் என்று எவன் கண்டான்! ஜன்னலைப் பார்த்தது, வாசலில் அவர் மீன் கழுவிக்கொண்டிருந்ததால். குரலை இறக்கியது, மரியாதைக்கு. அடேய் சகின், மரமண்டை! ரத்தமும் சதையுமாக உட்கார்ந்திருந்த மனிதரிடம் கண்ணாடி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அவரைக் கொன்று, புதைத்து, கல்யாணத்தில் கருமாதியும் நடத்திவிட்டாயே!

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. கிழவருக்குக் கண் எட்டவில்லை, லிடியாவின் வாய் திறக்காது. சம்பந்தி மகிழ்ச்சியோடு படத்தை வாங்கிக்கொள்வார், மகன் தலை நிமிர்ந்து நடப்பான். அதுதான் புத்திசாலித்தனம். சகின் அதைத்தான் செய்யப் போனார். ஆனால் கிழவர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு யாராவது இருந்தாங்களாமா?" என்று கேட்டார். தமக்காகத் தாமே அழுகிற மனிதரின் முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சகினால் உட்கார முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேடையேறி, சம்பந்தி கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஆதிலெத் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஜனங்களே" என்றார் சகின். "என் சம்பந்தி சொன்னதுல ஒரு வார்த்தைகூட அவர் தப்பு இல்ல. அத்தனையும் நான் அவர்கிட்ட விட்ட கரடி. இந்தப் படம் சந்தையில சாக்கு மேல கிடந்துச்சு. வரைஞ்சவரை யாரும் கொண்டுபோகல. நான்தான் கொண்டுபோய்க் கடைசி மேசையில போட்டிருக்கேன். அதோ, உயிரோட, மாவுருண்டை தின்னுக்கிட்டிருக்காரு!"

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மா, சம்பந்தியின் சொந்த மனைவி. அவள் சிரித்ததும் மண்டபமே வெடித்தது. நாலு பேர் கிழவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்தார்கள். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. கையை நீட்டிப் படகைத் தொட்டார்.

"இது என்னுதில்ல?" என்றார்.

சம்பந்தியின் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். "பெரியவரே, அந்தக் கொடி? காத்துக்கு எதிரா?"

கிழவர் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். "அட, ஆமா! தப்பாத்தான் போயிருக்கு. நான் துறைமுகத்துல பளுதூக்கி ஓட்டினவன், பாய்மரப் படகுல ஏறினதே இல்ல. படகை ஒரு கோக்கோ டப்பாவைப் பாத்து வரைஞ்சேன். கொடியை ஆபீஸ் கூரையைப் பாத்து வரைஞ்சேன். ரெண்டுக்கும் வேற வேற காத்து."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சம்பந்தி சகினைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குன்னு தேடிப் பிடிச்ச மாதிரி வந்து வாச்சீங்கய்யா சம்பந்தி" என்றார். அடிக்கப் போகிறாரா, கட்டிக்கொள்ளப் போகிறாரா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. கடைசியில் தோளில் ஒரு குத்து மட்டும் குத்தினார். வலித்தது.

"பேரை ஏன் படத்துல போடல?" என்று கேட்டார் கிழவரை.

"விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்ல ஒழுகின கறை இருந்துச்சு. அதை மறைக்கக் கேட்டாங்க. கறையை மறைக்கறவன் பேர் யாருக்கு வேணும்?"

"எங்களுக்கு வேணும்" என்றார் சகின். ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

கிழவர் தொண்டையைச் செருமினார். "முராதலி" என்றார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவரே திடுக்கிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"என்னைவிடப் பெரியவங்க எல்லாம் போயிட்டாங்க" என்றார். "தம்பியும் போனான். அவன் பிள்ளைங்க பெரியப்பான்னுவாங்க, அவங்களும் இப்போ மாஸ்கோவுல. தெருவுல பெரியவரேன்னுவாங்க. வீட்ல இருக்கற மகராசி தங்கமான பொண்ணு, என் பேரைச் சொல்ல மாட்டா. கூப்பிடறதுக்கு ஆளே இல்லாம என் பேர் சும்மாவே கிடந்துச்சு." ஒலிவாங்கியை மெல்லச் சம்பந்தியின் பக்கம் தள்ளினார். "அதுல இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சம்பந்தி சொன்னார். இரண்டாம் தடவை ஆதிலெத் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னான். பிறகு சைரா, பிறகு மேசை மேசையாக எல்லாரும். முராதலி! முராதலி! கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பேர் வருகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பித் தலையாட்டினார். கடைசி மேசையில் லிடியா மட்டும் சொல்லவில்லை. தலைத்துணியின் நுனியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.